சின்னப் பழுவேட்டரையர் செய்த குற்றம் என்ன?

அரியலூருக்குத் தெற்கே, மேலப்பழுவூரை ஒட்டினாற்போல் கீழையூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஓர் இரட்டைக் கோயில் உண்டு. பழுவேட்டரையர் வம்சத்தார் கட்டியது. கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருவார்கள். 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டு, கதாபாத்திரங்களின் சொந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமென்று புறப்படுகிறவர்களும் வருவார்கள். நான் இரண்டாவது ரகம்.

என்னோடு வந்தவர் போலீஸ் இலாகாவில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு பாராவில் தூக்கம் வராமலிருக்கக் கதைப் புத்தகம் படிக்கப் பழகி, பிறகு கதைப் புத்தகத்துக்காகவே இரவு பாரா கேட்டு வாங்கிக்கொண்டவர். கல்கியின் அந்த நாவலை மூன்று தடவை படித்திருக்கிறார். கோயில் மதில் நிழலில் உட்கார்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்:

"சார், நீங்க கதை எழுதுறவரு. சொல்லுங்க. சின்னப் பழுவேட்டரையர் பண்ணின தப்பு என்ன?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"யாரோ ஒரு வாலிபன். வேறொருத்தர் முத்திரை மோதிரத்தைக் காட்டிட்டுக் கோட்டைக்குள்ள வர்றான். ராஜா படுத்த படுக்கையா இருக்காரு. அவர்கிட்டப் போயி அபாயம்னு என்னமோ சொல்றான். என்னடா சொன்னேன்னு கேட்டா, அபயம்னு சொன்னேங்கிறான். அவனை விட்டுடணுமா? நானா இருந்தா அன்னிக்கு ராத்திரியே லாக்கப்புலே வெச்சிருப்பேன். அவரு பாவம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டு, துணைக்கு ஆள் போட்டு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாடான்னு அனுப்புறாரு. அவரைப் போயி நாம எல்லாம் வில்லன்ங்கிறோம்!"

"ஏட்டையா, நீங்கள் கட்சி பேசுகிறீர்கள்" என்றேன்.

"ஆமா சார். எங்க கட்சியைப் பேச வேற யாரு இருக்கா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பகுதிகளைத் திரும்பப் படித்துப் பார்த்ததில், ஏட்டையா சொன்னதில் முக்கால் பங்கு நியாயம் இருப்பதாகவே பட்டது. தஞ்சைக் கோட்டையின் தளபதியான காலாந்தக கண்டர் அந்தக் கதையில் சந்தேகப்படுகிற இடங்கள் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டிய இடங்களே. நந்தினியின் விஷயத்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது தம்பி எச்சரிக்கிறார். எச்சரித்ததற்காக வசவு வாங்குகிறார். அதே சமயத்தில் அவர் நடுநிலையான மனிதரும் அல்ல. மதுராந்தகருக்குப் பெண் கொடுத்தவர். அடுத்த பட்டம் யாருக்கு என்பதில் சொந்த அக்கறை உள்ளவர். கோட்டைக் காவல், பொக்கிஷம், பாதாளச் சிறை மூன்றும் ஒரே குடும்பத்தின் கைக்குள் இருக்கின்றன. கடமையில் நேர்மையும் கட்சியில் பாரபட்சமுமாகக் கல்கி ஒரு காவல் அதிகாரியைப் படைத்திருக்கிறார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் படித்த லக்ஷக்கணக்கான வாசகர்களும், பிறகு புத்தகமாகப் படித்த நாமும், வந்தியத்தேவனின் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டே அவரைப் பார்த்தோம். வீர சாகஸக் கதையில் கோட்டை வாசல் காப்போன் ஏமாறுவதற்கென்றே பிறந்தவன். அவன் ஏமாறினால் நமக்குச் சந்தோஷம். ஏமாறாவிட்டால் அவன் கொடியவன்.

ஐந்தாம் பாகத்தில் வரும் முற்றுகையை நினைத்துப் பாருங்கள். கொடும்பாளூர் வேளார் தென்திசைச் சைன்யத்தோடு வந்து தஞ்சைக் கோட்டைக்கு வெளியே நிற்கிறார். வாசல்கள் அடைபடுகின்றன. கோட்டைத் தளபதியின் கண்ணெல்லாம் மதிலுக்கு வெளியே. அந்த நேரத்தில் மதிலுக்கு உள்ளே, பொக்கிஷ நிலவறையில், சக்கரவர்த்தியைக் கொல்ல வேலோடு ஒருவன் ஒளிந்திருக்கிறான். யானைப்பாகன் வேஷத்தில் இளவரசர் வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடுகிறார். முற்றுகைக் காலத்துக் காவல் வேலையின் சங்கடம் முழுவதும் இந்த ஒரு சந்தர்ப்பத்தில் அடங்கியிருக்கிறது. பகைவன் வெளியே என்று ஊரெல்லாம் நம்பும்போது, உள்ளே பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஒருவன் வேண்டும். அவன் உள்ளே பார்க்க ஆரம்பித்தாலோ, சொந்த ஜனங்களையே பகைவர்களாகப் பார்க்கத் தொடங்குகிறான். கல்கி அந்த வாசல் வரைக்கும் நம்மை அழைத்துப் போகிறார். ஆனால் அவருடைய முற்றுகை நீடிப்பதில்லை. கடைத்தெருவில் அரிசி தீர்வதற்குள் கதை வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதில் குற்றம் சொல்வதற்கில்லை. அவருக்குப் பின்னால் வந்த நாம்தான் அந்த வாசலிலேயே நின்றுவிட்டோம்.

முற்றுகை என்றால் பீரங்கியும் ஏணியும் வீரமரணமும் என்றுதான் நம் மனசில் பதிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆர்க்காட்டு முற்றுகை பற்றிப் படித்திருப்பீர்கள். 1751ல் கிளைவும் அவருடைய சிப்பாய்களும் கோட்டைக்குள் அகப்பட்டு ஐம்பது நாள் தாக்குப்பிடித்தார்கள். சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, பாடப் புத்தகம் அதைச் சொல்லும்போது கண்ணில் நீர் வரும்படியாகத்தான் சொல்லும். அந்த அரிசி எந்த வீட்டுக் குதிரிலிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவன் போய் அளந்து எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டுமல்லவா? அந்த ஒருவனைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஆர்க்காடு வரை போவானேன்? பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அகழியும் அடுக்கடுக்கான மதிலுமாக, இன்றைக்கும் பார்க்க லக்ஷணமான கோட்டை. விடுமுறை நாளில் பிள்ளைகள் மேலே ஏறிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அதே 1751ல், பக்கத்திலுள்ள வாலிகண்டபுரத்தின் பெயரால் சரித்திரத்தில் குறிக்கப்படும் சண்டை இங்கே நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபக்கம் முகம்மது அலியின் படையும் காப்டன் ஜிஞ்ஜென் தலைமையில் ஆங்கிலேயரும். நடுவில் மாட்டிக்கொண்டவர் கோட்டைக் கில்லேதார். இரண்டு தரப்பும் தூது விட, அவர் ஏறக்குறைய இரண்டு வாரம் யாருக்கும் கதவைத் திறக்காமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆங்கிலேயப் படை பொறுமையிழந்து வெளிமதிலைத் தாண்டிப் பேட்டைக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தது. உள்ளே இருந்த கற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. கில்லேதார் அதற்குப் பிறகுதான் சந்தா சாகிபுக்கு ஆள் அனுப்பினார். சண்டையில் ஆங்கிலேயர் கலைந்து திருச்சிக்குப் பின்வாங்கினார்கள்.

ஆங்கிலச் சரித்திரக்காரர்கள் இந்தக் கில்லேதாரை உறுதியற்றவர் என்று தள்ளிவிட்டார்கள். எனக்கோ அந்தப் பதினைந்து நாள்தான் ஒரு நாவல். பேட்டையில் குடியிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? மாடு கன்றுகளை எந்த வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு போனார்கள்? போகவேண்டாமென்று தடுத்தது யார்? கில்லேதாரின் தயக்கம் கோழைத்தனமா, அல்லது கூரை வீடுகளை நெருப்பிலிருந்து இன்னும் ஒரு நாள் காப்பாற்றும் யுக்தியா? நான் அறிந்த வரையில் யாரும் எழுத உட்காரவில்லை. எழுதினால் அதில் கதாநாயகன் இருக்கமாட்டான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் நாவலாசிரியர் அல்ல, வியாபாரி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பர் 6 முதல் நாட்குறிப்பு எழுதினார். இறக்கும் தறுவாய் வரை எழுதினார். சென்னை அரசாங்கம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பேச்சுத் தமிழும் கணக்குப்பிள்ளைத் தமிழும் பாரசீகச் சொல்லும் கலந்து, நிறுத்தற்குறி கிடையாமல் ஓடுகிற நடை. படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் இரண்டு முற்றுகைகளை உள்ளேயிருந்து பார்த்த தமிழன் ஒருவன் எழுதியது என்று நமக்கு இருப்பது இதுதான்.

முதல் முற்றுகை 1748ல். ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவன் பெரிய கப்பல் படையோடு வந்து ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புதுச்சேரியை நெருக்கினார். அரியாங்குப்பத்தில் கடும் சண்டை நடந்தது. பாரதி என்ற பிரெஞ்சு எஞ்ஜினீயர் செத்தார். பிறகு மழைக்காலம் வந்தது. ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள். இது யுத்த சரித்திரம். (பாரதி என்றதும் நம் கவியை நினைத்துக்கொள்ள வேண்டாம், அந்த வெள்ளைக்காரர் பெயரைத் தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட அப்படித்தான் வருகிறது.)

பிள்ளையின் நாட்குறிப்பைப் பிரித்தால் யுத்தம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. ஜனங்கள் ஊரை விட்டுப் போகிறார்கள், கடைத்தெரு வெறிச்சோடுகிறது, யார் ஒற்றன், யார் வெறும் வழிப்போக்கன் என்று தெரியவில்லை. அந்தக் காலத்துப் புதுச்சேரியில் நகர்க் காவல் தலைவருக்கு நயினார் என்று பெயர். சேவகர்களை வைத்துக்கொண்டு திருட்டுப் பிடிப்பதும், ஊர்ச் செய்தி கொண்டுவருவதும், சாவடியில் விசாரணைக்கு ஆட்களை நிறுத்துவதும் நயினாருடைய வேலை. முற்றுகை வந்ததும் இந்த ஏற்பாட்டின் பக்கத்தில் இன்னோர் ஏற்பாடு முளைக்கிறது. கவர்னர் டூப்ளேயின் மனைவி, தனக்கென்று ஆட்களை வைத்து உளவு பார்க்கத் தொடங்குகிறாள். அவளுடைய ஆட்கள் சொன்னதற்காக மனிதர்கள் பிடிபடுகிறார்கள். இது பிள்ளையின் ஓயாத முறையீடு. அவருக்கு அந்த அம்மாள் மேல் அடங்காத கோபம் உண்டு. ஆகவே அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தம் பெருமையை எழுத அவர் கூச்சப்படுவதில்லை. கிரக பலனை நம்புகிறவர். எதிரிகள் பேசியதை எழுதும்போது மட்டும் அவருக்கு ஞாபகசக்தி அதிகமாகிவிடுகிறது.

இருந்தாலும் பாருங்கள், ஒரு நகரத்தில் காவல் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதை அவர் தம்மையறியாமல் காட்டிவிடுகிறார். சட்டப்படி காவல் பார்க்கிறவன் ஒருவன். அதிகாரம் உள்ளவர்களின் காதில் சேதி ஓதுகிறவன் இன்னொருவன். சமாதான காலத்தில் முதலாமவனுக்குத்தான் மரியாதை. பீரங்கிச் சத்தம் கேட்டவுடன் இரண்டாமவன் கை ஓங்கிவிடுகிறது. எவனைப் பார்த்தாலும் 'இவன் வெளியே சேதி அனுப்புகிறான்' என்று சொல்லிவிடலாம். நிரூபிக்க வேண்டியதில்லை, அவகாசமும் இல்லை.

அந்த முற்றுகையின்போதே, செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கோயிலை அகற்ற வேண்டுமென்ற விருப்பம் பாதிரிமார்களுக்கு ரொம்ப வருஷங்களாக இருந்தது. ஊரார் எதிர்த்துக்கொண்டே வந்திருந்தார்கள். வெளியே பகைவன் நிற்கும் நேரத்தில் அது முடிந்தது. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிட்டார்கள். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மனம் நொந்து எழுதி வைத்தார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பாஸ்காவனின் குண்டுகள் எங்கேயோ தூரத்தில் விழுவது போலிருக்கின்றன. பல வருஷத்து உள்வழக்கு ஒன்றை முற்றுகையை மறைவாக வைத்துக்கொண்டு தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் மனசில் நிற்கிறது.

இதே மறைவை வைத்து ஓர் அமெரிக்கர் துப்பறியும் நாவல் எழுதியிருக்கிறார். டான் ஃபெஸ்பர்மன் என்ற பத்திரிகைக்காரர்; 1999ல் வெளிவந்த 'லை இன் தி டார்க்' அவருடைய முதல் நாவல். ஐரோப்பாவில் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோ 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்தது. மலைகளின் மேலிருந்து குண்டு விழும். தெருவைக் கடக்கிறவனை மறைந்திருந்து சுடுவார்கள். அந்த ஊரில் விளாடோ என்று ஒரு கொலை வழக்கு இன்ஸ்பெக்டர். காலையில் எழுந்ததும் ஜன்னல் வழியே புதைகுழி தோண்டுகிறவர்களை எண்ணிப் பார்ப்பது அவன் வழக்கம். எத்தனை ஆள் வேலை செய்கிறார்களோ, அதை வைத்து முந்தைய நாளின் சாவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இத்தனை பேர் சாகிற ஊரில், எதிரியின் துப்பாக்கி கொன்றதாகத் தோன்றும் ஒரு பிணம் கிடைக்கிறது. கொன்றது எதிரி அல்ல, கிட்டத்தில் நின்ற ஒருவன் என்று விளாடோ கண்டுகொள்கிறான். தினம் பத்துப் பேர் சாகும் இடத்தில் ஒரு சாவை மட்டும் ஏன் விசாரிக்க வேண்டும்?

நாவலின் முற்பகுதி இந்தக் கேள்வியின் பலத்தில் நிற்கிறது. பிற்பகுதி கலைப்பொருள் கடத்தல், துரத்தல், தப்பித்தல் என்று வழக்கமான பாதையில் ஓடிவிடுகிறது. எனக்கு அது அவ்வளவு ருசிக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னலை மறக்க முடியாது.

லெனின்கிராடில் இதைவிடக் கொடுமை. 1941 செப்டம்பரில் தொடங்கி 1944 ஜனவரி வரை முற்றுகை. முதல் பனிக்காலத்தில், வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான் பங்கீடு. ரேஷன் அட்டையைப் பறிகொடுத்தவனுக்குச் சாவு நிச்சயம். ஆகவே அட்டை திருடுவது அங்கே கொலைக்குச் சமம். மனித மாமிசம் தின்றதற்காகப் போலீசார் கைது செய்தவர்கள் சுமார் 2,000 பேர். சோவியத் ஆட்சி போன பிறகுதான் தஸ்தாவேஜுகள் வெளியே வந்தன. கைது செய்தவனும் அதே பனியில், பசித்த வயிற்றோடுதான் போயிருப்பான். வீரநகரம் என்று பட்டம் கொடுத்தவர்கள் அவனைப் பற்றிப் பேசவில்லை. அவன் நடந்து போன தெருவைக் காட்டினால் பட்டத்துக்குக் குறைவு வந்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

நம் ஊருக்குத் திரும்புகிறேன். பிள்ளையின் நாட்குறிப்பை அடித்தளமாக வைத்து நாவல் எழுதிய பிரபஞ்சனைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டும் தமிழ்ச் சரித்திர நாவலைக் குதிரையிலிருந்து கீழே இறக்கித் தெருவில் நடக்கவிட்டவை. இரண்டாவதற்கு 1995ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது; பொருத்தமான பரிசு. தாசிகளும் ஏழைகளும் சிப்பாய்களும் அவருடைய பக்கங்களில் வாய் திறந்து பேசுகிறார்கள். ஆனாலும் அவருடைய தராசின் முள் பிள்ளையின் பக்கமும் டூப்ளேயின் மாளிகைப் பக்கமுமே சாய்ந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாட்குறிப்பு அவருக்குத் துணையாகவும் இருந்தது, கட்டாகவும் இருந்தது. பிள்ளை பார்த்த ஜன்னலிலிருந்துதான் பெரும்பாலும் நாமும் பார்க்கிறோம். தவிர, 'வானம் வசப்படும்' டூப்ளேயின் காலத்து நாவல். 1754ல் டூப்ளே போய், லாலி வந்த பிறகு நடந்த கடைசி முற்றுகைக்கு அதில் இடமில்லை. நமக்கு வேண்டிய கதை அங்கேதான் இருக்கிறது.

1760ன் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கூட் தலைமையில் புதுச்சேரியைச் சுற்றி வளைத்தார்கள். இந்தத் தடவை அவசரமில்லை. பட்டினி போட்டே பிடிப்பது என்று முடிவு. உள்ளே யானை, ஒட்டகம், நாய் எல்லாம் உணவாயின. ஒரு நாய் 24 ரூபாய்க்கு விற்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். நவம்பர் கடைசியில், இருக்கிற தானியம் சோல்ஜர்களுக்கே போதாது என்று கண்டு, லாலி ஒரு கட்டளை போட்டார். ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரர் சிலரைத் தவிர ஊரில் மிஞ்சியிருந்த தமிழ் ஜனங்கள் அத்தனை பேரும், ஆண், பெண், குழந்தை, கிழவர் என்று சுமார் 1,400 பேர், மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். வெளியே இருந்த ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் வரிசையைக் கடக்க விடவில்லை. உள்ளே திரும்ப வந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. எட்டு நாள், இரண்டு படைகளுக்கும் நடுவில், புல் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு அவர்கள் கிடந்தார்கள். பிறகு கூட் மனமிரங்கி வழிவிட்டார். ராபர்ட் ஆர்ம் தம்முடைய சரித்திரத்தில் இதைச் சில வரிகளில் சொல்கிறார். புதுச்சேரி 1761 ஜனவரியில் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதத்தில்தான்.

'தள்ளப்பட்டார்கள்' என்று நான் எழுதிவிட்டேன். சரித்திரக்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இலக்கணத்தில் இதற்குச் செயப்பாட்டுவினை என்று பெயர். செய்தவனைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிடலாம், ரொம்ப சௌகரியம். ஆனால் 1,400 பேர் தாங்களாகவே மதிலுக்கு வெளியே போய் விழவில்லை. லாலி ஒருவரால் அத்தனை பேரையும் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. யாரோ வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தவர்களாக, தெருவின் பாஷை பேசத் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். கிழவியைத் தூக்கி நிறுத்தியவன் ஒருவன். அடுப்பை அணைக்கச் சொன்னவன் ஒருவன். கடைசி ஆள் வெளியே போனதும் தாழ்ப்பாளைப் போட்டவன் ஒருவன். எட்டு நாளும் அவன் மதில் மேலே பாராவில் நின்றால், கீழே தெரிகிற முகங்களில் எத்தனையை அவனுக்கு அடையாளம் தெரியும்?

சரித்திரக்காரனுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாத இடத்தில் அவன் செயப்பாட்டுவினையில் எழுதிவிட்டுப் போகலாம். நாவலாசிரியனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தட்டிய கைக்கு அவன் ஒரு மனிதனைக் கொடுத்தே ஆகவேண்டும். அந்த மனிதன் கொடியவனாக இருந்தால் கதை சுலபமாகிவிடும். ஆகையால் கொடியவனாகவும் இருக்கக்கூடாது. நம்முடைய காலாந்தக கண்டரைப் போல, கடமையிலே நேராக நிற்கிற, சோறு போட்டு அனுப்புகிற மனிதனாக இருந்தால்தான் அந்தக் கதவுக்கு முன்னால் என்ன நடந்ததென்று நாம் தெரிந்துகொள்ளலாம்.

வழிவிட்ட பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பது இன்னொரு கதை. அந்தக் காலத்தில் பாதுகாப்பென்று நினைத்து ஓடுகிறவர்கள் தேடிய இடங்களில் நம் உடையார்பாளையத்துக் காடும் ஒன்று. யுத்த பயத்தால் காஞ்சீபுரத்து வரதராஜப் பெருமாளையே அங்கே கொண்டுவந்து மறைத்து வைத்திருந்து, 1710ல் திரும்ப எழுந்தருளப் பண்ணினார்கள் என்று அந்தக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. பெருமாளுக்குக் கல்வெட்டு இருக்கிறது. 1,400 பேருக்கு ஆர்ம் எழுதிய சில வரிகள் இருக்கின்றன.

சென்ற மாதம் ஏட்டையாவை அரியலூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். புதுச்சேரிக் கதையைச் சொன்னேன். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். செயப்பாட்டுவினை பற்றிச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டினார்.

"நாங்களும் அப்படித்தான் சார் எழுதுவோம். ஸ்டேஷன் ஜெனரல் டைரியிலே 'கூட்டம் அப்புறப்படுத்தப்பட்டது'ன்னு போட்டாப் போதும். ஒரு ஊர்லே ஊரடங்கு உத்தரவு போட்டிருந்தாங்க. எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஒரு காய்கறிக்கார அம்மா போகமாட்டேன்னு உக்காந்திருச்சு. கூடையை நான்தான் எட்டி உதைச்சேன். கத்திரிக்காய் சாக்கடை வரைக்கும் உருண்டுச்சு."

"அதை டைரியில் எழுதினீர்களா?"

"அதுக்குக் காலம் கிடையாது சார்" என்றார். டைரியில் காய்கறிக்கு என்று ஒரு பத்தி கிடையாது என்ற அர்த்தத்தில் சொன்னார். பிறகு அந்த ஆங்கிலத் தொகுதிகளில் 1748 எந்தத் தொகுதியில் வருகிறது, தமிழிலேயே படிக்கக் கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்கும் என்றேன். ஜயங்கொண்டம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.